‘கிரேடு 2’, ‘ஏசிஎல்’, ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’: விளையாட்டுக் காயச் சொற்களைப் புரிந்துகொள்வது எப்படி?

பந்துவீச்சாளருக்கு ஹாம்ஸ்ட்ரிங், மூன்று வாரம் ஆட மாட்டார். கால்பந்து வீரருக்கு ஏசிஎல், இந்தப் பருவமே போயிற்று. இன்னொருவருக்கு முதுகில் ‘ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன்’, எப்போது திரும்புவார் என்று அணி சொல்லவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் இப்படி வரும் செய்திகள் பாதிதான் புரிகின்றன. மூவருக்கும் வலி உண்டு. ஆனால் ஒருவருக்கு வாரக்கணக்கு, ஒருவருக்கு ஆண்டுக்கணக்கு. ஏன் இந்த வித்தியாசம்?

குழப்பம் செய்தியோடு நிற்பதில்லை. சமூக மன்றத்து பேட்மிண்டன் கோர்ட்டில் காலை மடக்கிக்கொண்டவர், ஐபிபிடி என்ற ராணுவ உடற்தகுதித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவசரமாக ஓடத் தொடங்கியவர், டிசம்பர் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர் என்று சிங்கப்பூரில் பலர் கையிலும் இதே சொற்கள் மருத்துவரின் தாளாக வந்து சேர்கின்றன. அந்தத் தாளைப் படிக்கும்போது ‘வலி எவ்வளவு’ என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு கேள்விகளைக் கேட்டால் பெரும்பாலும் தெளிவு வந்துவிடும்:

1. எந்தத் திசு அடிபட்டது?
2. எந்த அளவுக்கு?
3. ஒரே நொடியில் வந்ததா, நாள்பட வந்ததா?
4. திரும்பி விளையாடும் பாதையில் இப்போது எந்தப் படி?

இந்த நான்கில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம்.

எது அடிபட்டது?

காயம் ஆற ரத்தம் வேண்டும். எந்தத் திசுவுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதே, வாரமா மாதமா ஆண்டா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. தமிழில் ‘தசைநார்’ என்ற ஒரே சொல் இருவேறு உறுப்புகளுக்குப் புழங்குவதால், இங்கே டெண்டன், லிகமெண்ட் என்றே எழுதுகிறேன்.

1. தசை: சுருங்கி விரிந்து அசைவைத் தருவது. ரத்த ஓட்டம் தாராளம். சிறு கிழிசல் சில வாரங்களில் ஆறும், ஆனால் ஆறிய இடத்தில் தழும்பு விழும்.
2. டெண்டன்: தசையை எலும்போடு இணைப்பது. குதிகாலுக்கு மேலே தொட்டால் தட்டுப்படும் அக்கிலிஸ் டெண்டன்தான் உடம்பிலேயே தடிமனானது. ரத்த ஓட்டம் குறைவு. கெட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.
3. லிகமெண்ட்: எலும்பை எலும்போடு கட்டி, மூட்டு விலகாமல் காப்பது. ஏசிஎல் என்பது முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் இரண்டு லிகமெண்ட்டுகளில் முன்னது.
4. குருத்தெலும்பு, மெனிஸ்கஸ்: மூட்டின் வழுவழுப்பான உறையும், முழங்காலுக்குள் பிறை வடிவில் இருக்கும் மெத்தையும். குருத்தெலும்புக்கு ரத்த நாளமே இல்லை. மெனிஸ்கஸின் வெளிவிளிம்புக்கு மட்டும் ரத்தம் போகிறது. உள்விளிம்பு கிழிந்தால் தானாக ஒட்டுவது அரிது.
5. எலும்பு: பலரும் நினைப்பதற்கு மாறாக, நன்றாக ஆறக்கூடியது. தழும்பு விடாமல் புது எலும்பாகவே வளர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விசித்திரம் விளங்கும். கால் எலும்பு உடைந்தவர் சில மாதங்களில் ஓடத் தொடங்குகிறார். எலும்பு எதுவும் உடையாமல், நொண்டாமல் நடந்து வெளியேறிய ஏசிஎல் காரர் ஓராண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்ட்ரெய்ன், ஸ்ப்ரெய்ன், கிரேடு

வீட்டில் எல்லாவற்றுக்கும் ‘சுளுக்கு’தான். மருத்துவர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். தசையோ டெண்டனோ இழுபட்டுக் கிழிந்தால் ஸ்ட்ரெய்ன். மூட்டு பிசகி லிகமெண்ட் இழுபட்டால் ஸ்ப்ரெய்ன். ஆகவே ‘ஹாம்ஸ்ட்ரிங் ஸ்ட்ரெய்ன்’, ‘ஆங்கிள் ஸ்ப்ரெய்ன்’ என்றுதான் வரும்.

கிரேடு என்பது அளவு. கிரேடு 1 என்றால் சில இழைகள் மட்டும் இழுபட்டிருக்கின்றன, பலம் பெரிதாகக் குறையவில்லை. கிரேடு 2 என்றால் பாதிக் கிழிசல், பலம் குறைவு, வீக்கம் அல்லது ரத்தக்கட்டு. கிரேடு 3 என்றால் முழுதாக அறுந்துவிட்டது. அறுந்தபின் இழுபட எதுவும் மிச்சமில்லாததால், கிரேடு 3 லிகமெண்ட் சில நேரம் கிரேடு 2-ஐவிடக் குறைவாக வலிக்கும். வலியை வைத்து அளவை முடிவு செய்யக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

ஹாம்ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் செய்தியில் அதிகம் அடிபடும் பெயர் அதுதான். தொடையின் பின்பக்கம் இருக்கும் மூன்று தசைகளின் கூட்டுப் பெயர் அது. வெளிப்பக்கம் இருக்கும் பைசெப்ஸ் ஃபெமோரிஸ்தான் வேக ஓட்டத்தில் பெரும்பாலும் கிழிகிறது. கிழியும் தருணமும் குறிப்பானது. முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்த வீச்சை நிறுத்துவதற்காகத் தசை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருக்கிறது. நீளும்போது இறுகுவதை ‘எக்சென்ட்ரிக்’ என்பார்கள். வேகம் கூடக் கூட இந்தச் சுமை ஏறும். நூறு மீட்டர் ஓட்டக்காரரும் சிங்கிள் எடுக்கப் பாயும் பேட்ஸ்மேனும் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இது.

1, 2, 3 என்ற பழைய வரிசை போதவில்லை என்று 2014-ல் பிரிட்டிஷ் தடகள மருத்துவர்கள் 0 முதல் 4 வரை எண்ணும், கூடவே ஏ, பி, சி என்ற எழுத்தும் கொண்ட முறையை வெளியிட்டார்கள். எண் அளவைச் சொல்கிறது, எழுத்து இடத்தைச் சொல்கிறது. ஏ என்றால் தசையின் மேலுறைப் பக்கம், பி என்றால் தசையும் டெண்டனும் சேரும் பகுதி, சி என்றால் டெண்டனுக்குள்ளேயே. ‘2ஏ’ வந்தவர் சில வாரங்களில் ஓடலாம். ‘2சி’ வந்தவருக்கு அதைவிட வெகுகாலம் ஆகும், மறுபடி கிழியும் ஆபத்தும் அதிகம். செய்தியில் வெறும் ‘கிரேடு 2’ என்று மட்டும் வரும்போது இந்த எழுத்து விடுபட்டிருக்கும். ‘மூன்று வாரம் என்றார்களே, ஏன் எட்டு வாரம் ஆகிறது’ என்ற கேள்விக்குப் பல நேரம் அந்த ஓர் எழுத்தில் பதில் இருக்கும்.

ஒருமுறை கிழிந்த ஹாம்ஸ்ட்ரிங் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுதல். நடக்கும்போது வலி போய்விடும், ஆனால் முழு வேகத்தில் நீண்டு இறுகும் பலம் இன்னும் திரும்பியிருக்காது. அந்த இடைவெளியில் அவசரப்படுபவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

கணுக்கால் பிசகும்போது

உடம்பிலேயே அதிகம் பிசகும் மூட்டு கணுக்கால். பேட்மிண்டனில் பின்னால் குதித்து இறங்கும்போதும், கால்பந்தில் அடுத்தவர் காலை மிதித்துவிடும்போதும் பாதம் உள்பக்கம் மடங்குகிறது. வெளிப்பக்கம் முன்னால் இருக்கும் மெல்லிய லிகமெண்ட் முதலில் போகும். அடி பலமாக இருந்தால் அதற்குக் கீழே இருப்பதும் போகும்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்பதற்கு, 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர அவசரப் பிரிவு மருத்துவர்கள் வகுத்த விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பெரியவர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவரிடம் வந்தபின்னும் சரி, நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா?
2. கணுக்காலின் இருபுறமும் துருத்தும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா?
3. பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடத்திலோ, உள்வளைவின் மேட்டிலோ அழுத்தினால் வலிக்கிறதா?

ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாம் ‘இல்லை’ என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வீக்கம் எவ்வளவு பெரிது என்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை, கவனித்தீர்களா?

அப்புறம் ஐஸ். 1978-ல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்திவைப்பது ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரைஸ்’ என்று பெயர் வைத்தார். பள்ளி முதலுதவி வகுப்பு வரை அது போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வீக்கமும் சூடும் காயத்தைச் சுத்தம் செய்ய உடம்பு அனுப்பும் ஆட்கள். அவர்களை முழுக்க அடக்கிவிட்டால் வேலை நடக்காது. இன்றைய நிலை இதுதான்: வலி தாங்கவில்லையென்றால் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், தவறில்லை. ஆனால் முதல் ஓரிரு நாள் கழிந்ததும், வலி அனுமதிக்கும் அளவுக்கு மூட்டை அசைக்கவும் எடையை ஊன்றவும் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் கட்டிலிலேயே இருப்பது கணுக்காலுக்குச் செய்யும் கெடுதல்.

நம் வீடுகளில் இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: உருவி விடலாமா? கோடாலித் தைலம் தடவுவதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் புதிதாகக் கிழிந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் இழுத்து ‘நேராக்குவதும்’ ரத்தக்கசிவைக் கூட்டும். எலும்பில் முறிவு இருந்தால் விலகவும் செய்யும். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு யார் கையிலும் காலைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும். நான்கு அடி நடக்க முடியாதவர் எக்ஸ்ரே எடுக்கும் முன் உருவ விடவே கூடாது.

முழங்கால்: ஏசிஎல்லும் மெனிஸ்கஸும்

ஏசிஎல் பெரும்பாலும் யாரும் மோதாமலேயே அறுகிறது. ஓடிவந்து சட்டென்று நின்று திசை மாறும்போதோ, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதோ முழங்கால் உள்பக்கம் சரிகிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம், ஓரிரு மணி நேரத்தில் முழங்கால் முழுக்க வீக்கம். இந்த இரண்டும் சேர்ந்தால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது ஏசிஎல்லைத்தான். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகம் வருகிறது. நெட்பால் ஆடும் மாணவிகளின் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அறுந்த ஏசிஎல்லைத் தைத்து ஒட்டவைப்பது வழக்கமான முறை அல்ல. அவரவர் ஹாம்ஸ்ட்ரிங் டெண்டனிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள டெண்டனிலிருந்தோ ஒரு துண்டு எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். இதற்கு ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று பெயர். பொருத்திய துண்டுக்குள் புதிதாக ரத்த நாளம் நுழைந்து, அது லிகமெண்ட்டாக மாற வேண்டும். அதற்குத்தான் அத்தனை மாதம். நார்வேயில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதமும் பொறுத்திருந்தபோது மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ‘ஆறே மாதத்தில் திரும்பினார்’ என்ற செய்தியைப் பாராட்டாகப் படிக்க எனக்கு மனம் வருவதில்லை.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா? வேண்டியதில்லை. சுவீடனில் நடந்து 2013-ல் ஐந்தாண்டு முடிவு வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை சிகிச்சை என்று விட்டபோது, அந்தக் குழுவில் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது தேவைப்படவில்லை. திசை மாறி ஓடும் விளையாட்டுக்குத் திரும்ப நினைக்கும் இளைஞரின் கணக்கு வேறு, பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள் ஓட்டும் நாற்பது வயதுக்காரரின் கணக்கு வேறு.

மெனிஸ்கஸில் இன்னொரு சிக்கல். எம்ஆர்ஐ அறிக்கையில் ‘டேர்’ என்று பார்த்ததும் நடுத்தர வயதினர் பதறுகிறார்கள். ‘டீஜெனரேடிவ் டேர்’ என்று எழுதியிருந்தால், அது வயதோடு வரும் தேய்மானக் கிழிசல். முழங்கால் வலியே இல்லாத நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை ஸ்கேன் செய்தாலும் ஐந்தில் ஒருவருக்கு அது தெரிகிறது. பின்லாந்தில் 2013-ல் வெளியான ஆய்வில், இத்தகைய கிழிசலை வெட்டி எடுத்தவர்களும், வெட்டாமல் அறுவை சிகிச்சை போல நடத்திக் காட்டப்பட்டவர்களும் ஓராண்டில் ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் மட்டும் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

நாள்பட வரும் காயங்கள்

இதுவரை பார்த்தவை ஒரு நொடியில் வந்தவை. இனி வருபவை எந்த நாளில் தொடங்கின என்றே சொல்ல முடியாதவை.

டெண்டன் வலியை முன்பு ‘டெண்டினைட்டிஸ்’ என்றார்கள், அதாவது அழற்சி. நாள்பட்ட டெண்டனை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிக்குரிய செல்கள் அதிகம் இல்லை, இழைகள்தான் ஒழுங்கு குலைந்து கிடந்தன. ஆகவே இப்போது ‘டெண்டினோபதி’. இதனால் சிகிச்சையே மாறியது. அழற்சி மாத்திரையும் ஓய்வும் பின்னுக்குப் போய், டெண்டனுக்கு மெதுவாகச் சுமை ஏற்றும் பயிற்சி முன்னுக்கு வந்தது. 1998-ல் சுவீடன் மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரட்சன் வெளியிட்ட முறையில், அக்கிலிஸ் வலி உள்ளவர்கள் படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்க வேண்டும், நாளுக்கு 180 முறை, 12 வாரம். கொஞ்சம் வலித்தாலும் செய்யச் சொன்னார்கள், பலருக்குக் குணமானது. ‘வலித்தால் அசையாதே’ என்ற பொதுவிதி செல்லாத இடம் இது.

எலும்புக்கு வந்தால் அந்தப் பொதுவிதிதான் செல்லும். ஓட்டம் கூடும்போது எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. சாலைப் பணியில் முதலில் பழைய தாரைத் தோண்டிவிட்டுப் பிறகு புதுத் தார் போடுவது போல, எலும்பும் முதலில் பழையதைக் கரைக்கிறது, பிறகு புதிதை நிரப்புகிறது. கரைக்க ஏறத்தாழ மூன்று வாரம், நிரப்பக் கிட்டத்தட்ட மூன்று மாதம். தோண்டிய நிலையில் இருக்கும்போதே ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சேதம் படிப்படியாக ஏறும்:

1. ‘ஷின் ஸ்பிளிண்ட்ஸ்’: கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் நீளமாகப் பரவிய வலி. ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறையலாம்.
2. ‘ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன்’: எலும்புக்குள் நீர் கோத்திருக்கும், விரிசல் இன்னும் இல்லை. எம்ஆர்ஐயில் தெரியும்.
3. ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’: விரிசல் விழுந்துவிட்டது. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி. நடந்தாலும் வலிக்கும், பிறகு இரவில் படுத்தாலும் வலிக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் இருக்கலாம். ‘எக்ஸ்ரே நார்மல், ஓடலாம்’ என்று நினைத்துத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே கவட்டைப் பக்கம் வலித்தால் அலட்சியமே கூடாது. தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் முழுதாக முறிந்தால் இடுப்பு மூட்டுக்கே ஆபத்து.

வேகப்பந்து வீச்சாளருக்கு இதே கதை கீழ்முதுகில் நடக்கிறது. வீசும்போது முதுகு வளைந்து, சாய்ந்து, திருகுகிறது. பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்க முள்ளெலும்பில் விரிசல் விழுகிறது. ஜஸ்பிரீத் பும்ரா முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கிண்ணத்தில் ஆடவில்லை. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டில் அயர்லாந்து தொடரில்தான் திரும்பினார். முள்ளெலும்பு அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது.

சிங்கப்பூரில் இதைத் தேசிய சேவையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முகாம் மருத்துவர் கொடுக்கும் சீட்டில் ‘எக்ஸ்கியூஸ் ஆர்எம்ஜே’ என்று இருக்கும். ஓட்டம், அணிநடை, குதித்தல் மூன்றும் கூடாது என்று பொருள். அந்த மூன்றும் சேர்த்துத் தடுக்கப்படுவது தற்செயல் இல்லை. மூன்றிலும் கால் எலும்பில் திரும்பத் திரும்ப அதிர்வு இறங்குகிறது. நீச்சலும் மேல்உடம்புப் பயிற்சியும் அந்தத் தடைக்குள் வராது. சீட்டு முடியும் தேதியன்று எலும்பு ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தேதியில் தொடங்க வேண்டியது நடையும் மென்னோட்டமும் மாறிமாறி. 2.4 கிலோமீட்டர் முழு வேக ஓட்டம் அதற்கு வெகு தூரம் பிறகு.

‘லோடு’ என்றால் என்ன?

அணிகள் சொல்லும் ‘லோடு மேனேஜ்மென்ட்’ என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த பெயர் இல்லை. லோடு இரண்டு வகை. ஓடிய கிலோமீட்டர், தூக்கிய கிலோ, வீசிய ஓவர் எல்லாம் வெளிச்சுமை. அதை உடம்பு எவ்வளவு சிரமமாக உணர்ந்தது என்பது உள்சுமை. இரண்டாவதை அளக்க எளிய வழி உண்டு. பயிற்சி முடிந்ததும் சிரமத்துக்கு 10-க்கு மதிப்பெண் போட்டு, நிமிடங்களால் பெருக்கலாம். 40 நிமிட ஓட்டம், சிரமம் 6 என்றால் 240. அதே ஓட்டம், இரவு ஷிப்ட் முடித்து வந்த நாளில் 8 ஆக உணரப்பட்டால் 320. கால் ஓடிய தூரம் ஒன்றுதான், உடம்பு செலுத்திய விலை வேறு.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதி எங்கும் சொல்லப்படுகிறது. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை வைத்து நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களும் வழக்கமான வேகத்தில் கூட்டியவர்களும் ஒரே அளவில், ஐந்தில் ஒருவர் வீதம், காயப்பட்டார்கள். மாய எண் எதுவும் இல்லை. ஆனால் திடீர்த் தாவல் ஆபத்து என்ற அடிப்படை நிற்கிறது. ஆறு மாதம் ஓடாமல் இருந்துவிட்டு ஐபிபிடிக்கு முந்திய இரண்டு வாரம் தினமும் ஓடுவது அப்படி ஒரு தாவல்.

உடம்புவலியும் ‘ராப்டோ’வும்

புதிய பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலிக்கு ‘டாம்ஸ்’ என்று பெயர். 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சம், பிறகு தானாகப் போகும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று இன்னும் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போலவே வெளியேறிவிடும், இரண்டு நாள் காத்திருக்காது.

‘ராப்டோமயோலிசிஸ்’ வேறு ரகம். தசை செல்கள் உடைந்து உள்ளிருப்பது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. பழக்கமில்லாதவர் முதல் ஸ்பின் வகுப்பிலேயே மற்றவர்களோடு போட்டியிடும்போது வரும் காயமாக இது இங்கே அறியப்பட்டிருக்கிறது. அடையாளங்கள் மூன்று: தாங்க முடியாத தொடை வலி, வீக்கத்தோடு பலமின்மை, தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் சிறுநீர். மூன்றும் ஒன்றாக வர வேண்டும் என்றில்லை. சிறுநீர் நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொறுத்திருப்பது சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி.

வெப்பம்: நமக்கு மிக நெருக்கமான ஆபத்து

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சிங்கப்பூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. அதனால்தான் இங்கே வெறும் வெப்பநிலையைப் பார்ப்பது போதாது. ‘டபிள்யூபிஜிடி’ என்ற அளவில் ஈரத்திரி வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, காற்றில் ஈரம் கூடினால் ஏறும்) 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பநிலைக்கு 20 சதவீதம், காற்றின் வெப்பநிலைக்கு 10 சதவீதம் எடை. 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களுக்காக உருவானது இது. ஈரப்பதத்துக்கு எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் 2023 ஜூலையில் வந்த வெப்ப அழுத்த ஆலோசனை இந்த அளவை வைத்தே இயங்குகிறது. 31-க்குக் கீழே குறைவு, 31 முதல் 33-க்குள் மிதம், 33-ம் அதற்கு மேலும் அதிகம். மைஎன்வி செயலியில் பார்க்கலாம். அதே ஆண்டு அக்டோபரில், அளவு 32-ஐ எட்டினால் வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிட ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்தது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்துவிட்டு ஞாயிறு முழுக்கத் திடலில் கிரிக்கெட் ஆடும் நம் ஊழியர்களுக்கு இந்த எண்கள் இரண்டு இடத்திலும் பொருந்தும்.

‘வெப்பச் சோர்வு’ என்றால் தலைசுற்றல், குமட்டல், களைப்பு, ஆனால் பேச்சும் நினைவும் தெளிவு. நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்தால் தேறுவார். ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்றால் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை பாதிக்கப்படுகிறது. உளறுவார், தள்ளாடுவார், காரணமில்லாமல் கோபப்படுவார், விழுவார். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் உயிரைப் பறிக்கக்கூடியது. ஓடும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு வியர்த்துக்கொண்டே இருக்கலாம். நெற்றியில் பிடிக்கும் வெப்பமானி சரியான அளவைக் காட்டாது.

செய்ய வேண்டியதன் வரிசை இதில் மிக முக்கியம்:

1. 995-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள்.
2. தொட்டியோ பெரிய தண்ணீர்ப் பெட்டியோ இருந்தால், தலை வெளியே இருக்கும்படி ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை இறக்குங்கள். இல்லையென்றால் குழாய்த் தண்ணீர், ஈரத்துணி, ஐஸ், விசிறி, எது கிடைத்தாலும் உடம்பு முழுக்க.
3. நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பம் 39-க்குக் கீழே வந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். 2018-ல் எட்டு கிலோமீட்டர் விரைவு நடைப் பயிற்சிக்குப் பிறகு 19 வயது தேசிய சேவையாளர் ஒருவர் ஹீட் ஸ்ட்ரோக்கால் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். இந்த வரிசை ஒவ்வொரு பயிற்றுநருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

யாரிடம் போவது?

எலும்பு அறுவை மருத்துவர் வெட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர். விளையாட்டு மருத்துவர் அறுவை சிகிச்சை இல்லாத வழிகளில் தேர்ந்தவர். ஃபிசியோ, காயத்துக்குப் பிறகு பலத்தையும் அசைவையும் மீட்டுத் தருபவர், இங்கே சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஜிம்மில் இருக்கும் ‘பர்சனல் டிரெய்னர்’ பயிற்சி தருபவர், காயத்தை நிர்ணயிப்பவர் அல்லர். அமெரிக்கச் செய்திகளில் வரும் ‘அத்லெட்டிக் டிரெய்னர்’ இவரில்லை. அது சான்றிதழ் பெற்ற மருத்துவத் துணைப் பணி. அரசு மருத்துவமனை நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்க, முதலில் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘ஃபிட்’ என்று அறிவித்த பிறகு

திரும்புவதிலும் படிகள் உண்டு. முதலில் பயிற்சியில் கலந்துகொள்வது, பிறகு ஆட்டத்தில் இறங்குவது, கடைசியாகப் பழைய தரத்தில் ஆடுவது. செய்தியில் மூன்றுக்கும் ‘ஃபிட்’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. ஏசிஎல் காரருக்கு ஒற்றைக்கால் தாவல் தூரமும் தொடைப் பலமும் நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். தலையில் அடிபட்டு ‘கன்கஷன்’, அதாவது மூளை அதிர்ச்சி, வந்தவருக்கு ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். நினைவு தப்பாவிட்டாலும் கன்கஷன் இருக்கலாம், சந்தேகம் வந்த அன்று மறுபடி ஆடவே கூடாது.

நெய்மார் 2023 அக்டோபர் 17 அன்று உருகுவே ஆட்டத்தில் ஏசிஎல்லும் மெனிஸ்கஸும் கிழிந்து வெளியேறினார். 2024 அக்டோபர் 21 அன்று, ஓராண்டு கழித்து, சவூதி அணியான அல் ஹிலாலுக்காக மறுபடி களமிறங்கினார். இரண்டு வாரத்தில், திரும்பி வந்தபின் ஆடிய இரண்டாவது ஆட்டத்திலேயே, ஹாம்ஸ்ட்ரிங் காயத்தோடு வெளியே போனார். முழங்கால் ஆறியிருக்கலாம். ஓராண்டாக ஆட்ட வேகத்தில் ஓடாத தொடைக்கு அந்த வேகம் புதிது.